தெல்ஃபினாவுக்கு ஒரு நாடு

ஏப்ரல் 4, திங்கள்

காலை முழுவதும் மழை. இரண்டு பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படவில்லை. தெல்ஃபினா ரேடியோவை எங்கே வைப்பது என்று அறை அறையாக அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள்.

போகிற போக்கில் சொன்னாள்: "முப்பத்தெட்டு வருஷம் காப்புரிமை ஆபீஸ்ல உக்காந்து ஊரான் கண்டுபிடிப்புல ஓட்டை தேடினே. இப்ப ஒரு நாட்டுல தேடு, கிழவா. ஜூன் முப்பதுக்குள்ள எழுதிக் குடு. வேணாம்னு எழுதினா திரும்பிடலாம். வேணும்னு எழுதினா ரெக்கொலேத்தா ஃபிளாட்டை வித்துட்டு இங்கேயே இருந்துடலாம். நீ எழுதறதுதான்."

ஏன் என்னிடம் விடுகிறாள்? கல்யாணத்துக்குக் கோட்டு எடுத்தபோது நிறத்தைக்கூட நான் முடிவு செய்யவில்லை.

சொத்து அவளுடையது. அவள் அப்பாவின் பீடே தொழிற்சாலை, அதாவது கழிவறையில் உட்கார்ந்து கழுவிக்கொள்ளும் பீங்கான் தொட்டி செய்யும் இடம், போன வருடம் விற்றது. எங்கள் ஊர் புவெனோஸ் ஐரெஸில் பாதிக் குளியலறைகளில் ஜனங்கள் அவர் செய்த பீங்கானில்தான் கழுவிக்கொள்கிறார்கள். விற்றதிலிருந்து வக்கீல்கள் ஒரே பாட்டு: ஆற்றைக் கடந்து உருகுவாய்க்குப் போய்விடுங்கள், வரி குறைவு, வசதியுள்ளவர்கள் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். உருகுவாயின் தலைநகர் மொந்தேவிதேயோவில் இருக்கும் வக்கீல் வழவழ காகிதத்தில் ஒரு கையேடு கொடுத்தார். அதில் இருபத்திரண்டு நன்மைகள். மூன்று முறை படித்தேன். என் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

என் கேள்வி இதுதான்: எனக்குப் பிறகு தெல்ஃபினா தனியாக எங்கே நன்றாக இருப்பாள்? அங்கேயா, இங்கேயா? இதை அவளிடம் சொல்லவில்லை.

ஆராய வேண்டியவை:

1. நான் முதலில் போவேன். (எனக்கு எண்பத்தொன்று, இதய வால்வு சுருங்கிவிட்டது, அறுவை வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அவளுக்கு எழுபத்து மூன்று. அவள் அம்மா தொண்ணூற்றெட்டு வரை இருந்தாள். ஆராயத் தேவையில்லை.)
2. சட்டம். இன்று இருப்பது பத்து வருடம் கழித்தும் இருக்குமா?
3. மருத்துவம். கூப்பிட்டால் எத்தனை நிமிடத்தில் வருவார்கள்?
4. அக்கம்பக்கம். அவள் குளியலறையில் விழுந்தால் யாருக்கு முதலில் தெரியும்?
5. குளிர்காலம். கோடைக்கு வருகிறவர்கள் போன பிறகு இந்த ஊர் எப்படி இருக்கும்?
6. பெர்லா. (அவள் தங்கை. புவெனோஸ் ஐரெஸின் ரெக்கொலேத்தாவில் எங்கள் கட்டடத்திலேயே இரண்டு மாடி கீழே. தினமும் வருவாள். இங்கே பெர்லா இல்லை.)

ஏப்ரல் 7, வியாழன்

வாடகை வீடு. எல் சௌசால் என்ற இந்த ஆற்றோர ஊரில், கடைசித் தெருவில் இருக்கிறது. கொலோனியா நகரத்திலிருந்து காரில் முப்பத்தைந்து நிமிடம். வீட்டுக்காரரும் எங்கள் ஊர்க்காரர். கொள்ளைக்குப் பயந்து கட்டியிருக்கிறார். ஆள் உயரத்துக்கு மேல் பலகை அடித்த வாசல் கதவு, அதில் கேமரா வைத்த மணி. வாசலிலிருந்து வீட்டுக்கு நாற்பது அடி எடுத்து வைக்க வேண்டும். எண்ணினேன்.

மணி வேலை செய்கிறதா என்று பார்க்க தெல்ஃபினாவை வெளியே நிறுத்தி அழுத்தச் சொன்னேன். திரையில் அவள் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"யாரும்மா?" என்று கேட்டேன்.

"பீடே விக்க வந்திருக்கேன் சார். ஆறு கலர்ல இருக்கு. உக்காந்து பாத்துட்டு எடுத்துக்கலாம்."

மணி வேலை செய்கிறது.

ஏப்ரல் 12, செவ்வாய்

புள்ளி 2. கொலோனியா நூலகத்தில் இரண்டு நாள் பழைய அரசிதழ்களைப் பார்த்தேன். இங்கே சட்டம் மாறும்; ஆனால் மாறப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லி, சண்டை போட்டு, ஓட்டெடுத்து மாறுகிறது. எங்கள் ஊரில் தூங்கி எழுந்தால் மாறியிருக்கும். சாதகம். நூலகர் பெண்மணி, "இதையெல்லாம் படிக்கறீங்களா? அக்கரையிலேர்ந்து வர்றவங்க பேங்க் எங்க இருக்குன்னுதான் கேப்பாங்க" என்றாள். நன்றி சொன்னேன். எதற்கு நன்றி?

ஏப்ரல் 15, புனித வெள்ளி

காலையில் எங்கிருந்தோ கைத்தட்டல். மூன்று தட்டு, இடைவெளி, மறுபடி இரண்டு. பிறகு நின்றுவிட்டது. காதுக் கருவி எல்லாச் சத்தத்தையும் ஒரே இடத்திலிருந்து வருவதுபோல் தருகிறது; திசை தெரியவில்லை.

தெல்ஃபினா கேட்டாள்: "அது என்ன?"

சொன்னேன்: கிளி விரட்டுகிறார்கள். யூக்கலிப்டஸில் பச்சைக்கிளிக் கூடுகள் வண்டி வண்டியாக இருக்கின்றன. பக்கத்து வீட்டில் கமலா ஆரஞ்சு மரங்கள். 1974-இல் என்ட்ரே ரியோஸ் மாகாணத்து விவசாயி ஒருவர் ஒரு இயந்திரத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்: இரண்டு பலகைகள், ஒரு விசை, பலகைகள் ஒன்றையொன்று அறைந்து கிளியை விரட்டும். கோப்பு என்னிடம்தான் வந்தது. நிராகரித்தேன். கையால் தட்டுவது எல்லோருக்கும் தெரிந்த முறை, இதில் புதுமை இல்லை என்று எழுதினேன்.

"பாவம் அந்த மனுஷன்" என்றாள். பிறகு, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். நாற்பத்தாறு வருடத்தில் அவள் இப்படிச் சொன்ன முறைகளை விரல் விட்டு எண்ணலாம்.

ஏப்ரல் 19, செவ்வாய்

கைத்தட்டல். காலை பத்தே கால். மறுபடி மாலை ஐந்து.

ஏப்ரல் 22, வெள்ளி

நாள் முழுவதும் குழாயில் தண்ணீர் இல்லை. குழாய் மாற்றுகிறார்களாம், ரொட்டிக் கடையில் தெரிந்தது. ஊருக்கே முன்னால் தெரிந்திருக்கிறது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. புள்ளி 4-க்கு எதிராகக் குறித்துக்கொண்டேன். தெல்ஃபினா மினரல் வாட்டரில் பாத்திரம் கழுவினாள். "பணக்காரியா இருந்து இன்னிக்குத்தான் ஒரு பிரயோஜனம்" என்றாள்.

மே 1, ஞாயிறு

கஸ்தோன் இராவோலா வீட்டில் கறி விருந்து. எங்களைப்போல அக்கரையிலிருந்து வந்து குடியேறியவர். மாட்டுத்தீவனக் கம்பெனியை விற்றவர். எட்டு ஜோடிகள் வந்திருந்தார்கள். எல்லோரும் ஏதோ ஒரு கம்பெனியை விற்றவர்கள்.

"சார், இங்க போலீஸ்காரன் வண்டிய நிறுத்தினா அவன்தான் மன்னிப்பு கேப்பான்" என்றார் இராவோலா, கத்தியை நெருப்புக்கு மேல் ஆட்டிக்கொண்டே. "பிரசிடென்ட் தானே போய் காய்கறி வாங்குவார். நான் பாத்தேன்."

"எந்த பிரசிடென்ட்?" என்று அவர் மனைவி கேட்டாள்.

"யாரோ ஒருத்தர். பாத்தேன்ல?"

நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அதில் மூன்றரை மணி நேரம் புவெனோஸ் ஐரெஸைத் திட்டினார்கள். திட்டும்போதுதான் அவர்கள் முகம் மலர்கிறது. ஆளுக்காள் மெதுவாக விசாரித்தேன், குளிர்காலத்தில் இங்கே இருப்பீர்களா என்று. எட்டில் ஏழு வீடு பூட்டு. இராவோலாவே மயாமி போகிறார். வரிச் சலுகைக்குச் சட்டம் கேட்கிற அளவு நாட்கள் மட்டும் இங்கே இருக்கிறார்கள். இவர்கள் நல்லவர்கள், ஆனால் அக்கம்பக்கத்தார் இல்லை. ஜூலைக் குளிரில் தெல்ஃபினா கூப்பிட்டால் மயாமியிலிருந்து என்ன செய்வார்கள்?

புள்ளி 5 பாதகம்.

மே 6, வெள்ளி

புள்ளி 3. வீட்டுக்கே டாக்டரை அனுப்பும் ஆம்புலன்ஸ் சேவையில் சந்தா சேர்ந்தோம். பொய்யாகக் கூப்பிட்டுச் சோதிக்க மனம் வரவில்லை. போன் செய்து கேட்டேன்.

"உடம்புக்கு என்ன பண்ணுதுங்க?"

"ஒன்றுமில்லை. கூப்பிட்டால் எத்தனை நிமிடம் என்று…"

"யாருக்கு முடியல?"

"யாருக்கும் இல்லை. பின்னால் தேவைப்பட்டால்."

அந்தப் பெண் குரலைத் தணித்தாள். "பயமா இருக்கா தாத்தா? பேசிட்டு இருங்க, பரவால்ல."

போனை வைத்துவிட்டேன். பிறகு அவர்கள் நிலையத்திலிருந்து எங்கள் வாசல் வரை கடிகாரம் வைத்துக்கொண்டு காரில் வந்து பார்த்தேன். இருபது நிமிடம். ரெக்கொலேத்தாவில் ஆஸ்பத்திரி எதிர்த் தெருவில்தான். ஆனால் அங்கே ஊர்வலம், மறியல் இருந்தால் நாற்பது நிமிடம்கூட ஆகும். சமம்.

மே 11, புதன்

பெர்லா போன். நான் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் தெல்ஃபினா.

"அங்க பேச்சுத் துணைக்கு யாரு, பசு மாடா?"

"மாடு நல்லாத்தான் பேசுது. உன்னை மாதிரி குறுக்க பேசறதில்ல."

சிரித்தார்கள். போன் வைத்ததும் தெல்ஃபினா ரேடியோவைப் போட்டாள். இப்போதெல்லாம் ரேடியோ அறிவிப்பாளருக்குப் பதில் சொல்கிறாள். அவர் 'காலை வணக்கம்' என்றால் இவளும் 'வணக்கம்' என்கிறாள்.

மே 18, புதன்

நாற்பத்தைந்து நாள். மணி அடித்தவர்கள்: புவெனோஸ் ஐரெஸிலிருந்து வைன் கொண்டுவந்த வண்டிக்காரர், ஒரு முறை. வேறு யாரும் இல்லை. ஒரு முட்டை கேட்டோ, சும்மா எட்டிப் பார்க்கவோ இந்த ஊரில் ஒருவரும் எங்கள் வாசலுக்கு வரவில்லை. ரொட்டிக் கடையில் தலையசைப்பார்கள், அவ்வளவுதான். கையேட்டில் பதினேழாவது நன்மை: 'இங்கே உங்களை யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள்.' உண்மை. அதுதான் பயமாக இருக்கிறது.

புள்ளி 4-க்கு வரைவு எழுதிவிட்டேன்: "நான் இல்லாதபோது இந்தப் பலகைக் கதவுக்குப் பின்னால் தெல்ஃபினா விழுந்தால் மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். எனவே வேண்டாம்."

எழுதியதும் அவளைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் இருந்தபோது அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. 'வேண்டாம்' என்றால் இதைப் பிடுங்கிக்கொள்கிறேனா? எனக்குத் தெரியவில்லை. எதுவும் தெரியவில்லை.

கைத்தட்டல் இன்று மூன்று மடங்கு சத்தம்.

மே 24, செவ்வாய்

தலைக்குள் அறைவதுபோல் இருக்கிறது அந்தத் தட்டல். நேரில் போய்ச் சொல்லத் துணிவில்லை. ஒரு கடிதம் எழுதி, நான்கு முறை திருத்தி, பக்கத்து வீட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வேகமாக நடந்து வந்தேன். நகல்:

"மதிப்பிற்குரிய அம்மையாருக்கு. கிளிகளால் தங்கள் கமலா மரங்களுக்கு நேரும் சேதத்தை நான் நன்கு உணர்கிறேன். எனினும் கைதட்டி விரட்டுவதைக் காலை பதினொன்று முதல் பன்னிரண்டு வரை என ஒரு நேரத்துக்குள் வைத்துக்கொள்ள இயலுமா? நான் காதுக் கருவி அணிபவன். இதைத் தவறாக எண்ண வேண்டாம். கிளிகளும் சில நாளில் அச்சத்தத்துக்குப் பழகிவிடும் என்பது ஆய்வில் தெரிந்ததே. தங்கள் உண்மையுள்ள, எவரிஸ்தோ ஓல்மெதோ."

கடைசி வரி அதிகப்பிரசங்கித்தனமோ?

மே 25, புதன்

எங்கள் தேசிய நாள். தெல்ஃபினா சோளமும் பன்றிக்கறியும் போட்டு லோக்ரோ வைத்தாள். ஆறு பேர் சாப்பிடும் பானை. "சின்னப் பானை அந்தப் பிரிக்காத பெட்டியில இருக்கு" என்றாள். பெட்டியில் பானை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பன்னிரண்டரைக்குக் கைத்தட்டல். இந்த முறை ரொம்பப் பக்கத்தில். தொடர்ந்து ஒரு பெண் குரல், ஊருக்கே கேட்கும்படி:

"தோன் எவரிஸ்தோ! கிளி வந்திருக்கேன்! கதவைத் திறங்க!"

தெல்ஃபினாதான் போய்த் திறந்தாள். ஆண் ஸ்வெட்டர் போட்ட ஒல்லியான பெண்மணி, எழுபது வயதிருக்கும், கையில் என் கடிதம், இடுப்பில் ஒரு கூடை கமலா. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்று, கடிதத்தைப் பார்த்து, மறுபடி சிரித்தாள். பக்கத்து வீட்டு நில்டா பெந்தாங்கோர். இந்த ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

"நான் கிளியை விரட்டலைங்க. உங்களைக் கூப்பிட்டேன்!"

"கூப்பிட்டீங்களா?" என்றாள் தெல்ஃபினா.

"ஒன்றரை மாசமா! வாசல்ல நின்னு கைதட்டினா வீட்டுல இருக்கறவங்க வருவாங்க. வேற எப்படிக் கூப்பிடுவாங்க?"

"மணி இருக்கே" என்றேன்.

"பாத்தேன். கேமராவும் பாத்தேன். அது திருடனுக்கு வெச்சது. நான் திருடியா, அதுல மூஞ்சியக் காட்ட?"

"அப்ப திரும்பவும் தட்டியிருக்கலாமே, சத்தமா…"

"ரெண்டு தரம் தட்டுவோம். வரலைன்னா, வர இஷ்டமில்லன்னு அர்த்தம். மேல தொந்தரவு பண்ணக்கூடாது. அக்கரைக்காரங்களுக்கு நம்ம சகவாசம் பிடிக்கலைன்னு நினைச்சோம்." பிறகு விரல் மடித்தாள்: "புனித வெள்ளிக்கு மீன் பணியாரம் கொண்டு வந்தேன். நானே தின்னுட்டேன். தண்ணி நிக்கும்னு சொல்ல வந்தேன். சளி ஊசி போடற நர்ஸ் வந்தா. விறகுக்காரன் நாலு தரம். கிளப்புல சூப்புக்குக் கூப்பிட கமிட்டியே வந்துச்சு, மூணு பேர் சேர்ந்து தட்டினோம்."

மே 18. மூன்று மடங்கு சத்தம். குறித்திருக்கிறேன்.

தெல்ஃபினா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கிளி" என்றாள். அந்த ஒரு சொல்தான்.

நில்டா இரண்டு தட்டு லோக்ரோ சாப்பிட்டாள். உப்பு குறைவு என்றாள்.

மே 26, வியாழன்

வெளியே போகவில்லை. சின்ன வயதில் கோர்தோபாவில் பெரியப்பா பண்ணையில் இப்படித் தட்டித்தான் கூப்பிடுவார்கள். இன்று காலை நினைவுக்கு வருகிறது. ஐம்பது வருடம் அடுக்குமாடியில் இருந்து மறந்துவிட்டேன். மறந்தது போகட்டும். நிராகரித்த ஒரு கோப்பை நம்பி ஊரையே கிளி விரட்டுகிறவர்களாக்கிவிட்டேனே. நாற்பது நாளும் ஆதாரம் என் குறிப்பேட்டிலேயே இருந்தது, நேரத்தோடு.

மே 30, திங்கள்

ரொட்டிக் கடைக்குத் தெல்ஃபினா என்னை இழுத்துக்கொண்டு போனாள். என் கடிதத்தை எல்லோரும் படித்துவிட்டார்கள். கடைக்காரர் மட்டும் மிகுந்த மரியாதையோடு, "பதினொன்று முதல் பன்னிரண்டுக்குள் வந்துவிட்டீர்கள், மிக்க நன்றி" என்றார். வரிசையில் நின்றவர்கள் ரொட்டிப் பையால் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. எனக்கே ஆச்சரியம்.

ஜூன் 3, வெள்ளி

தெல்ஃபினா வீட்டுக்காரரிடம் பேசி, ஆள் வைத்துப் பலகைக் கதவை எடுத்துவிட்டாள். இடுப்பளவு கம்பிக் கதவு. தெருவிலிருந்து எங்கள் சமையலறை தெரிகிறது. எனக்கு இரண்டு நாளாக முதுகு கூசுகிறது.

ஜூன் 8, புதன்

விறகுக்காரர் வந்தார். தட்டிவிட்டு, "கிளி இல்ல, நான்தான்!" என்றார். இனி சாகும்வரை இதுதான் போலிருக்கிறது.

ஜூன் 13, திங்கள்

தெல்ஃபினாவுக்குக் காய்ச்சல். ரொட்டி வாங்கப் போகவில்லை. பத்து மணிக்குள் மூன்று பேர் வாசலில். ஒருத்தி எலுமிச்சை, ஒருவர் சும்மா. நில்டா உள்ளே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "படுத்துக்க, எந்திரிச்சே, காலை உடைப்பேன்" என்றாள் அவளிடம். நேற்று வரை 'நீங்க'. இன்று 'நீ'.

புள்ளி 4: பழைய வரைவைக் கிழிக்கவில்லை, பக்கத்தில் புதிதாக எழுதினேன். "மூன்று நாள் இல்லை. இரண்டு மணி நேரம்."

ஜூன் 29, புதன்

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு என் அறிக்கையின் ஒன்பது பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். சட்டம் சாதகம். மருத்துவம் சமம். அக்கம்பக்கம் சாதகம். குளிர்காலம்: அக்கரைக்காரர் வீடுகள் இருட்டு, ஊர்க்காரர் வீடுகளில் புகை, சாதகம் என்று திருத்தினேன். பெர்லா: பாதகம், ஆனால் கப்பலில் ஒன்றேகால் மணி நேரம்தான். ஆகவே, என் எளிய கருத்தில், தயக்கத்தோடு, வேண்டும்.

அவள் கடைசி வரை கேட்டாள். காகிதத்தை வாங்கி முதல் பக்கத்தைத் திரும்பப் படித்தாள். புள்ளி 1 இருக்கும், மறைத்திருக்க வேண்டிய பக்கம். மறந்துவிட்டேன்.

"இது நாட்டைப் பத்தி இல்ல. உன் சாவைப் பத்தி எழுதியிருக்கே."

"முறையாகப் பார்த்தால்…"

"ஒன்பது பக்கம் கிழவா. நான் விழறேன், நான் காய்ச்சல்ல கிடக்கறேன், நான் தனியா நிக்கறேன். எனக்கு இங்க பிடிச்சிருக்கான்னு ஒரு புள்ளி இல்லையே?"

கேட்டேன். பிடித்திருக்கிறதா என்று. இதை ஏப்ரலிலேயே கேட்டிருக்கலாம்.

"காலையில ஆத்துல வெளிச்சம் விழறப்ப பிடிச்சிருக்கு. நில்டா வாயத் திறந்தா பிடிச்சிருக்கு. போதுமா? அதையும் எழுதிக்கோ." பிறகு மெல்ல, "வால்வு இப்ப எப்படி இருக்கு?" என்றாள்.

அப்படியேதான் இருக்கிறது என்றேன்.

ஜூன் 30, வியாழன்

வக்கீலுக்கு எழுதியாயிற்று. இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவள் கையெழுத்து எப்போதும்போல் கோட்டுக்கு வெளியே.

அக்டோபர் 19, புதன்

ரெக்கொலேத்தா ஃபிளாட் விற்றது. வாங்கியவர்கள் குளியலறையை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். "அப்பாவோடத எடுத்துட்டு வந்துடணும்" என்றாள் தெல்ஃபினா. வந்துவிட்டது, பச்சை நிற பீடே, கப்பலில், போர்வை சுற்றி. பெர்லாவும் கூடவே வந்தாள், ஒரு வாரத்துக்கு. பன்னிரண்டு நாள் இருந்தாள்.

டிசம்பர் 27, செவ்வாய்

கோடை வெயில். இராவோலாக்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். தெல்ஃபினா தினமும் ஆற்றில் இறங்குகிறாள், முழங்கால் வரை. நான் கரையில் அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு.

பிப்ரவரி 9, வியாழன்

தெல்ஃபினா.

பிப்ரவரி 21, செவ்வாய்

ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு நாளும் வேறு மாதிரி நினைவு வருகிறது.

வியாழன் பத்து மணிக்குத் தெல்ஃபினா நில்டா வீட்டுக்குத் தக்காளி அரைக்கப் போனாள். நான் வீட்டில் இருந்தேன். பதினொன்று இருபதுக்கு நில்டா வாசலில் தட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. கம்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். தெல்ஃபினா நில்டாவின் சமையலறை நாற்காலியில் தலையை மேஜைமேல் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். கையில் தக்காளி விதை. "தலை வலிக்குதுன்னா. ஒரு நிமிஷம் உக்காந்துக்கறேன்னா. அவ்வளவுதான் சொன்னா" என்றாள் நில்டா, திரும்பத் திரும்ப. ஆம்புலன்ஸ் பத்தொன்பது நிமிடத்தில் வந்தது. நான் இருபது என்று எழுதியிருந்தேன். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது. ஆஸ்பத்திரி எதிர்த் தெருவில் இருந்தாலும் இதேதான் என்றார் டாக்டர். அவரை இரண்டு முறை சொல்ல வைத்தேன். பிறகு எழுதித் தரச் சொன்னேன். எழுதித் தந்தார்.

இங்கேயே அடக்கம் செய்தோம். ரொட்டிக் கடை மூடியிருந்தது. ஏன் மூடியிருக்கிறது என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

மார்ச் 6, திங்கள்

சாப்பிட்டேன்.

மார்ச் 28, செவ்வாய்

என்னைப் பார்க்க வர ஆளுக்கு ஒரு நாள் என்று, என்னைக் கேட்காமலே, முறை போட்டிருக்கிறார்கள். திங்கள் ரொட்டிக் கடைக்காரர், செவ்வாய் நில்டா, வியாழன் நூலகத்துப் பெண். அவள் கொலோனியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். கையில் அரசிதழ்க் கட்டு. "நீங்கதான் இதப் படிப்பீங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் வரவில்லை என்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நில்டா, "ஞாயித்துக்கிழமை நீங்க எங்க வீட்டுக்கு வரணும், எல்லாத்தையும் நாங்களே சுமக்க முடியாது" என்றாள்.

மே 17, புதன்

பெர்லா போன்.

"இன்னும் அங்க என்ன பண்றே, எவரிஸ்தோ? அவளுக்காகத்தான் போனே. அவளே இல்ல. இங்க வா. முன் ரூம் காலியா இருக்கு, வெயில் படும். யாரோ தெரியாதவங்க நடுவுல எதுக்கு?"

யோசிக்கிறேன் என்றேன். வழக்கமான பதில்.

ஒன்பது பக்கத்தையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஆராய்ச்சி யாருக்காகச் செய்ததோ அவர் இல்லையென்றால் அது செல்லுமா? அலுவலகத்தில் விண்ணப்பதாரர் இறந்துவிட்டால் கோப்பை மூடுவதில்லை. வாரிசின் பெயரை எழுதிவிட்டு முதலிலிருந்து படிப்போம். அப்படியே செய்தேன். தெல்ஃபினா என்று இருந்த இடத்திலெல்லாம் பென்சிலால் என் பெயர். எவரிஸ்தோ குளியலறையில் விழுந்தால். எவரிஸ்தோவுக்குக் காய்ச்சல் வந்தால். எவரிஸ்தோ தனியாக. இரண்டு மணி நேரம் பிடித்தது. வாக்கியம் எதுவும் பொய்க்கவில்லை.

பெர்லாவைக் கூப்பிட்டேன். முதல் முறை அவள் எடுத்ததும் வைத்துவிட்டேன். இரண்டாம் முறை பேசினேன். வரவில்லை என்றேன்.

"யோசிச்சியா?"

"பார்த்தாயிற்று."

பிறகு முதல் பக்கத்துக்கு வந்தேன். திருத்தும்போது பழைய எழுத்து படிக்கக் கிடைக்க வேண்டும், ஒரே ஒரு கோடு, ஓரத்தில் தேதி, அப்படித்தான் பழக்கம். ஆறு புள்ளிகளில் ஐந்தை நூலகத்தில், சாலையில், கடிகாரத்தோடு, ஆள் ஆளாகக் கேட்டுச் சோதித்திருக்கிறேன், ஒவ்வொன்றிலும் சந்தேகப்பட்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் 'ஆராயத் தேவையில்லை' என்று அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டு மேலே போயிருக்கிறேன்.

'நான் முதலில் போவேன்' என்ற வரிமேல் கோடு போட்டேன். புள்ளி 1 தவறு.